‘ஐயோ’ என்னும் ஒரு சொல்: ஸ்ரீவைகுண்டம் தரும் பாடம்

ஸ்ரீ:
ஸ்ரீமதே சடகோபாய நம:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:
ஸ்ரீமத் வரவரமுநயே நம:

பொருநலாற்றங்கரையில் அமைந்த நவதிருப்பதிகளுள் முதலாவதாக ஸேவிக்கப்படுவது ஸ்ரீவைகுண்டம். மூலவர் வைகுந்தநாதன், ஆதிசேஷன் குடைபிடிக்க நின்ற திருக்கோலத்தில் எழுந்தருளியிருக்கிறான். உற்சவர் கள்ளபிரான். ‘கள்ளன்’ என்ற சொல்லைத் திருநாமத்தில் தாங்கி வீதியில் எழுந்தருளும் எம்பெருமானை ஸேவிக்கும்போது, இந்தத் திருநாமம் ஒருவனுடைய ஆபத்திலிருந்து பிறந்தது என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். இக்கட்டுரையில் அந்த ஆபத்திலிருந்து தொடங்கி, துன்பம் ஓர் ஆத்மாவை வளர்க்குமா, வளர்க்குமாகில் எவ்வழியில் வளர்க்கும் என்பதை ஆழ்வார் ஆசார்யர்களின் திருவுள்ளத்தைப் பின்பற்றிச் சிறிது அநுபவிப்போம்.

‘கஷ்டம் வந்தால்தான் மனிதன் பக்குவப்படுவான்’ என்று உலகில் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். இதற்கு முத்தை உதாரணமாகக் காட்டுவதும் வழக்கம். ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டிப் பொருநல் கலக்கும் மன்னார் வளைகுடா, முத்துக்குளித்தலுக்குப் பழங்காலம் தொட்டே பேர்பெற்ற கடல். அக்கரையில் வாழ்ந்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஓர் உண்மை உண்டு. குவியல் குவியலாகச் சிப்பிகளை எடுத்துத் திறந்தாலும் முத்து இருப்பது மிகச் சிலவற்றில்தான். துன்பமும் அப்படியே. அது பலரை உடைக்கிறது, சிலரைக் கசப்பும் கடுமையும் உள்ளவர்களாக ஆக்குகிறது, சிலரையே உயர்த்துகிறது. ஆகவே துன்பம் தானாகவே வளர்ச்சி தரும் என்று சொல்வது நம் பூர்வர்களின் கொள்கையன்று. துன்பத்தில் எது நிகழ்ந்தால் அது வளர்ச்சியாகிறது என்பதே அறியவேண்டிய பொருள்.

கள்ளனும் அரசனும்

ஸ்தலபுராணம் இரண்டு இழப்புகளைச் சொல்லுகிறது. முதலாவது நான்முகனுடையது. சோமுகாசுரன் வேதங்களைக் கவர்ந்து செல்ல, படைப்புத்தொழில் செய்வதற்குரிய ஞானத்தை இழந்த பிரமன் இந்நதிக்கரைக்கு வந்து தவம் செய்து, எம்பெருமானிடம் அவற்றை மீண்டும் பெற்றான் என்பது வரலாறு. பதவியால் மிக உயர்ந்தவனும் ஒரு நாள் வெறுங்கையனாக இங்கே நிற்கவேண்டி வந்தது.

இரண்டாவது, காலதூஷகன் என்னும் கள்ளனுடையது. அவன் களவுக்குப் புறப்படுமுன் வைகுந்தநாதனை வணங்கி, கொள்ளையிட்டதில் பாதியை எம்பெருமானுக்கே ஸமர்ப்பித்து வந்தான். இதைக் கேட்டு நாம் நகைக்கலாம். ஆனால் நம்மில் பலருடைய பக்தியும் இந்தப் பங்குக் கணக்கிலிருந்து வெகுதூரம் விலகியதன்று. ‘காரியம் முடிந்தால் இவ்வளவு செய்கிறேன்’ என்று பேரம் பேசும் அளவில்தான் நாமும் பல காலம் நிற்கிறோம்.

ஒரு நாள் அவன் கூட்டத்தார் அரண்மனைக் களவில் அகப்பட்டுக்கொண்டார்கள். அரசனுடைய சேவகர் அவனைத் தேடிப் புறப்பட்டார்கள். அந்நிலையில் அவனிடம் பங்கு கொடுக்கப் பொருள் இல்லை. துணைநிற்கக் கூட்டாளிகள் இல்லை. சொல்லிக்கொள்ள ஒரு புண்ணியமும் இல்லை. வைகுந்தநாதனே காக்கவேண்டும் என்று விழுந்தான். எம்பெருமான் அந்தக் கள்ளனுடைய வடிவைத் தானே ஏறிட்டுக்கொண்டு அரசன் முன் சென்று நின்றான். செல்வத்தைத் தருமத்தில் செலவிடாமல் பூட்டிவைத்திருந்த அரசனுக்கு அதன் குற்றத்தை உணர்த்தித் தன்னை வெளிப்படுத்தினான். அது கண்டு நெகிழ்ந்த அரசன் வேண்டிக்கொண்டபடியே உற்சவருக்குக் கள்ளபிரான் என்னும் திருநாமம் உண்டாயிற்று.

இங்கே கவனிக்கவேண்டியது ஒன்று. கள்ளன் எம்பெருமானை வணங்கியது புதிதன்று. நெடுநாளாகவே வணங்கி வந்தவன்தான். ஆபத்து அவனுக்குப் புதிய தெய்வத்தைக் காட்டவில்லை. அவன் கையிலிருந்த பேரத்தைப் பறித்தது. பூர்வர்கள் இந்நிலையை ஆகிஞ்சந்யம் என்றும், அநந்யகதித்வம் என்றும் சொல்லுவர். ‘என்னிடம் கைமுதல் ஒன்றுமில்லை, உன்னையொழிய எனக்குப் புகல் வேறில்லை’ என்கிற இவ்விரண்டும் எக்காலத்திலும் உண்மையே. ஆனால் நலமாக வாழும் நாள்களில் இவை நம் வாயில் இருக்கின்றன. ஆபத்து வரும்போதுதான் நெஞ்சில் இறங்குகின்றன. துன்பம் தரும் வளர்ச்சியின் முதற்படி இந்த உண்மை உறைப்பதேயாகும்.

ஆழ்வார் கேட்ட கேள்வி

ஸ்ரீவைகுண்டத்தை நம்மாழ்வார் மங்களாசாசனம் செய்தருளியது திருவாய்மொழி ஒன்பதாம் பத்தின் இரண்டாம் திருவாய்மொழியில். அது திருப்புளிங்குடிக்கான பதிகம். அதன் நான்காம் பாசுரத்தில், எம்பெருமான் புளிங்குடியில் பள்ளிகொண்டும், வரகுணமங்கையில் வீற்றிருந்தும், வைகுந்தத்தில் நின்றும் ஸேவை ஸாதிக்கிறபடியை ஒருசேர அநுபவிக்கிறார்.

இப்பதிகத்தின் சுவையை உணர, இதற்கு முன்னுள்ள பதிகத்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஒன்பதாம் பத்தின் முதல் திருவாய்மொழியில் ஆழ்வார் உலகத்தாருக்கு உபதேசிக்கிறார். மனைவி, மக்கள், உறவினர், நண்பர் ஆகியோருடைய அன்பு பெரும்பாலும் கண்ணெதிரே காணும் பயனளவில் நிற்பது என்கிறார். கையில் பொருள் இருக்கும்போது அட்டைபோல ஒட்டிக்கொள்வர். போற்றிப் புகழ்ந்து எழுந்து நிற்பர். வறுமையும் துன்பமும் இருளாகச் சூழ்ந்த காலத்தில், இரக்கம் தோன்ற ஒரு வார்த்தை சொல்லவும் ஆள் இருக்கமாட்டார்கள். ஆதலால் வடமதுரையில் பிறந்த கண்ணனே சரண் என்று முடிக்கிறார்.

ஆழ்வார் சுட்டிக்காட்டுகிற குறை எதுவென்று பாருங்கள். துன்பப்படுகிறவனுக்கு உலகம் பொருள் கொடுக்கவில்லை என்பதிலும் பெரிய குறையாக, அவனைக் கண்டு இரங்குவாரும் இல்லாமையை எடுத்துக் காட்டுகிறார். இழந்தவனுடைய வலி இழப்பில் மட்டும் இல்லை. அந்த இழப்பு வேறொருவருடைய நெஞ்சில் படாமல் போவதிலும் இருக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்வோம். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

உலகத்தாரிடம் இவ்வெறுமையைக் கண்டு காட்டியவர், அடுத்த பதிகத்தில் எம்பெருமானை நோக்கித் திரும்புகிறார். திரும்பியவர் என்ன கேட்கிறார்? ‘தலைமுறை தலைமுறையாக உன் திருக்கோயிலை அலகிட்டு அடிமை செய்து வருகிற எங்கள்மேல் உன் திருக்கண்களை வைத்தருள வேண்டும்’ என்கிறார். ‘திருவடிகளை எங்கள் தலைமேல் வைக்கவேண்டும்’ என்கிறார். மூன்றாம் பாசுரத்திலோ அவர் கேட்பது நம் எண்ணத்துக்கு எட்டாதது. ‘எத்தனை காலம் இப்படியே கிடப்பாய்? உன் திருமேனி நோவாதோ?’ என்று எம்பெருமானுக்காகப் பரிகிறார்.

துன்பத்திலிருந்து விடுபடக் கூப்பிட வந்தவர், காக்க வேண்டியவனுடைய திருமேனிக்கு என்ன வருமோ என்று கலங்குகிறார். பிரிவின் வெப்பம் அவரைத் தம்மைச் சுற்றியே சுழலும்படி சுருக்கவில்லை. தம்மை மறந்து வேறொருவரை நினைக்கும்படி விரித்தது. துன்பம் வளர்த்ததா, சுருக்கியதா என்பதை இந்த ஓர் அடையாளத்தால் அறியலாம். ‘எனக்கு ஏன் வந்தது?’ என்ற கேள்வியோடு நின்றுவிட்டால் நெஞ்சு சுருங்குகிறது. ‘உனக்கு நோகிறதோ?’ என்ற கேள்வி அந்த நெஞ்சில் எழுமாகில் அது வளர்ந்திருக்கிறது.

கிடந்தும் இருந்தும் நின்றும் ஸேவை ஸாதிக்கிற முறையையும் இவ்வாறே எண்ணி இனியராகலாம். ஒருவன் படுத்திருக்கையில் தன் குழந்தையின் அழுகுரல் கேட்டால் எழுந்து உட்காருகிறான். உட்கார்ந்தவன் புறப்பட எழுந்து நிற்கிறான். புளிங்குடியில் கிடந்தவன், வரகுணமங்கையில் இருந்தவன், வைகுந்தத்தில் நிற்கிறான் என்று அநுபவிக்கும்போது, அடியாருடைய குரலுக்கு அவன் பதறுகிற பதற்றமே இம்மூன்று திருக்கோலங்களாக நம் கண்முன் தோன்றுகிறது.

வைத்தியனும் தாயும்

துன்பத்தைப் பற்றிப் பேசுமிடத்தில் குலசேகராழ்வாருடைய பெருமாள் திருமொழியின் ஐந்தாம் திருமொழியை நினையாமல் இருக்க முடியாது. வித்துவக்கோட்டு எம்பெருமானை நோக்கி அருளிச்செய்த அப்பதிகத்தில், கோபத்தால் தாய் விலக்கித் தள்ளினாலும் அவள் அருளையே நினைத்து அழுகிற குழந்தையைத் தமக்கு உவமையாக்குகிறார். கத்தியால் அறுத்தும் தீயால் சுட்டும் சிகித்ஸை செய்கிற வைத்தியனிடத்தில் நோயாளிக்கு மாறாத அன்பு இருப்பதுபோலத் தமக்கும் இருக்கிறது என்கிறார். எம்பெருமான் நமக்குப் பிரியமானதை மட்டும் செய்கிறவன் அல்லன். ஹிதமானதையும் செய்கிறவன் என்னும் ஸித்தாந்தத்துக்கு இப்பதிகம் பெரிய நிலம்.

ஆனால் இவ்விடத்தில் ஒரு நுட்பத்தைத் தவறவிடக் கூடாது. வைத்தியன் அறுக்கிறான் என்று சொல்லுகிறவர் யார்? அறுக்கப்படுகிற நோயாளியே சொல்லுகிறார். தாய் தள்ளினாள் என்று சொல்லுகிறது தள்ளப்பட்ட குழந்தை. பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறவர்கள் சொல்லவில்லை. குலசேகராழ்வார் தம் துன்பத்தைப் பற்றித் தாமே சொல்லிக்கொண்ட வார்த்தை அது. அதே வார்த்தையை நாம் எடுத்துப் பிறருடைய துன்பத்தின்மேல் வைத்தால், அது கொடுமையாகிவிடும்.

இது நம் கோஷ்டிகளில் நிகழாததன்று. ஓர் இல்லத்தில் இளவயதில் ஒருவர் பரமபதித்துவிடுகிறார். அல்லது ஒருவருக்குத் தீராத நோய் என்று தெரியவருகிறது. விசாரிக்கப் போகிறவர்களில் ஒருவர், ‘எல்லாம் பூர்வ கர்மம்’ என்கிறார். மற்றொருவர், ‘எம்பெருமான் உங்களைப் பக்குவப்படுத்துகிறான்’ என்கிறார். சாஸ்திர வார்த்தைகளில் பிழையில்லை. ஆனால் சொல்லும் இடம் பிழை. சொல்லும் வாய் பிழை. கேட்கிறவர் தம் துக்கத்தோடு, ‘இப்போது அழுவதும் குற்றமோ?’ என்ற சுமையையும் சேர்த்துச் சுமக்கிறார். நாமும் இத்தகைய வார்த்தைகளை என்றேனும் சொல்லியிருப்போம். நெஞ்சைத் தொட்டுப் பார்த்தால், அப்படிச் சொன்னதில் பாதி, அந்தத் துக்கத்தின் அருகே நிற்க மாட்டாமல் விரைந்து விலகுவதற்காகவே என்பது தெரியும்.

நஞ்சீயர் காட்டிய அளவுகோல்

இதற்கு மருந்தாக நம் பூர்வர்கள் ஒரு வார்த்தையைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். நம்பிள்ளையின் ஆசார்யரான நஞ்சீயர் பலகாலும் அருளிச்செய்வாராம். தனக்கு வைஷ்ணவத்வம் உண்டோ இல்லையோ என்பதை ஒருவன் பிறரிடம் கேட்டு அறியவேண்டியதில்லை, தானே அறியலாம். பிறருக்கு ஒரு துன்பம் வந்ததென்று கேட்டவுடன் நெஞ்சில் ‘ஐயோ’ என்று தோன்றினால் உண்டு என்று கொள்ளலாம். ‘அவனுக்கு இது வேண்டியதுதான்’ என்று தோன்றினால் இல்லை என்று கொள்ளலாம். இதுவே அவ்வார்த்தையின் கருத்து.

ஆழ்வார் உலகில் காணாத அந்த இரக்கத்தை நஞ்சீயர் வைஷ்ணவனுக்கு லக்ஷணமாகவே வைத்துவிட்டார். முன்பதிகத்தில் ஆழ்வார் வருந்திய குறைக்கு ஆசார்யர் கண்ட பரிஹாரம் இது என்று நாம் எண்ணி இன்புறலாம்.

இந்த இரக்கம் எம்பெருமானுடைய திருக்குணமேயாகும். ஸ்ரீராமாயணத்தில் பெருமாளுடைய குணங்களைத் தசரதனிடம் சொல்லுகிற அயோத்தி மக்கள், குடிகளுக்கு ஆபத்து நேர்ந்தால் அவர்களைக் காட்டிலும் பெருமாள் மிகவும் துக்கப்படுகிறார் என்று சொல்லுகிறார்கள். சக்தியுள்ளவனான ரக்ஷகன் ஆபத்தைப் போக்கினால் போதாதோ, அவன் துக்கப்படவேண்டுமோ என்று தோன்றலாம். அயோத்தி மக்கள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அவர்கள் வாயார எடுத்துப் பேசும் குணங்களுள் ஒன்றாகச் சொல்லுகிறார்கள்.

இக்குணம் ஓர் ஆசார்யரிடத்தில் முழுமை பெற்றதைக் கூரத்தாழ்வான் சரித்திரத்தில் காண்கிறோம். சோழன் ஸதஸ்ஸில் கண்களை இழந்தவர் அவர். அந்த இழப்புக்குக் காரணமானவர்களில் ஒருவன் நாலூரான். பிற்காலத்தில் தேவப்பெருமாள் திருமுன்பே வரம் வேண்டும்படி நேர்ந்தபோது, தாம் பெறும் பேற்றை நாலூரானும் பெறவேண்டும் என்று ஆழ்வான் வேண்டினார் என்று குருபரம்பரை சொல்லுகிறது. தமக்குத் தீங்கிழைத்தவன் விஷயத்திலும் அவர் நெஞ்சில் ‘ஐயோ’ என்பதே தோன்றியது. துன்பம் ஒருவரை எவ்வளவு உயரத்துக்குக் கொண்டுசெல்லும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி தேடவேண்டியதில்லை.

வெள்ளம் வந்த மார்கழி

இவையெல்லாம் பழைய நாளைய வார்த்தைகள், நம் காலத்துக்கு எட்டாதவை என்று எண்ண வேண்டா. இதே ஸ்ரீவைகுண்டத்தில் 2023ஆம் ஆண்டு டிசம்பரில் நிகழ்ந்ததை நினைத்துப் பார்ப்போம்.

மார்கழி பிறந்த சமயம். டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் வரலாறு காணாத மழை பெய்தது. 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் சுமார் 95 சென்டிமீட்டரும், ஸ்ரீவைகுண்டத்தில் 60 சென்டிமீட்டருக்கு மேலும் பதிவாயிற்று. பொருநல் கரைபுரண்டது, குளங்கள் உடைந்தன, சாலைகள் அறுந்தன. ஆற்றங்கரை ஊர்கள் பல நாள் மின்சாரமின்றி, தொலைபேசித் தொடர்பின்றித் தனித்தனித் தீவுகளாயின. உயிர்களும் வீடுகளும் ஆடுமாடுகளும் விளைந்த பயிரும் போயின.

17ஆம் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவு வண்டி ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கு அப்பால் தண்டவாளத்தின் கீழிருந்த மண்ணையும் ஜல்லியையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. வண்டியில் ஏறத்தாழ 800 பயணிகள். அவர்களில் சுமார் 300 பேர் அருகிலிருந்த பள்ளிக்கு அனுப்பப்பட்டனர். பாதை அறுந்துவிட்டதால் எஞ்சிய சுமார் 500 பேர் நிலையத்திலேயே அகப்பட்டுக்கொண்டார்கள். குழந்தைகளும் முதியோரும் அவர்களில் இருந்தனர். ஹெலிகாப்டரிலிருந்து உணவுப் பொட்டலங்கள் போடப்பட்டு, தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் வந்து அவர்களை வெளியே கொண்டுசென்றது 19ஆம் தேதி.

இடைப்பட்ட வேளைகளில் அவர்களுக்குச் சோறிட்டவர்கள் நிலையத்தை ஒட்டிய புதுக்குடி மக்கள். அவர்களுடைய ஊரையும் வெள்ளம் சூழ்ந்திருந்தது. கடைக்குப் போய்ப் பொருள் வாங்கும் வழியும் இல்லை. வெளியுதவி எப்போது வரும் என்பது யாருக்கும் தெரியாது. அந்நிலையில் தங்களிடம் இருந்த அரிசியைக் கொண்டு சமைத்து, பெயரும் ஊரும் அறியாத நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பரிமாறினார்கள். இன்று இருப்பதைக் கொடுத்துவிட்டால் நாளைக்கு என்ன செய்வோம் என்ற கணக்கு அவர்களுக்கும் தெரிந்ததே. அக்கணக்கைவிடப் பசித்தவர்களின் முகம் அவர்களுக்குப் பெரிதாகப் பட்டது.

ஆழ்வார், துன்பத்தில் இரங்குவாரில்லை என்று உலகியல்பைக் கண்டு வருந்தினாரே, அவர் பாடிய திருப்பதியின் எல்லையிலேயே இரங்குவார் இருந்தார்கள். புதுக்குடியார் அந்தப் பயணிகளுக்குத் தத்துவம் சொல்லவில்லை. ‘இதுவும் ஒரு பாடம்’ என்று ஆறுதல் கூறவில்லை. அடுப்பு மூட்டினார்கள். அவர்கள் எந்தக் கோயிலைச் சேர்ந்தவர்கள், எந்தச் சின்னம் தரித்தவர்கள் என்று நாம் ஆராயவேண்டியதில்லை. நஞ்சீயருடைய அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு நம்மையே அளந்துகொள்ள அவர்கள் நமக்கு ஒரு கண்ணாடி.

இவ்வெள்ளத்தையே எம்பெருமானுடைய அநுக்ரஹம் என்று சொல்லவேண்டுமோ என்று சிலர் கேட்கக்கூடும். நாம் அப்படிச் சொல்லத் துணியவேண்டியதில்லை. மார்கழி நோன்பில் ஆண்டாள் நாச்சியார் மழையை எப்படி வேண்டுகிறாள்? நாடு முழுதும் தீங்கில்லாதபடி மாதம் மூன்று முறை பெய்யவேண்டும் என்றும், உலகம் வாழும்படி பெய்யவேண்டும் என்றும் வேண்டுகிறாள். தீங்கற்ற மழையையே பிராட்டி கேட்டிருக்க, தீங்கு செய்த மழையை நாம் கொண்டாடுவது அவள் திருவுள்ளத்துக்குப் பொருந்தாது. இழப்பை இழப்பென்றே சொல்லுவோம். இழந்தவனுடைய கண்ணீர் எம்பெருமான் திருவுள்ளத்தையும் கலக்குகிறது என்பதை அயோத்தி மக்களின் வார்த்தையால் அறிந்திருக்கிறோமன்றோ?

இருள் சூழ்ந்த நூற்றாண்டு

ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே சில கல் தொலைவில் இருப்பது ஆழ்வார்திருநகரி. நம்மாழ்வார் திருவவதரித்த அத்திவ்யதேசமும் ஒரு காலத்தில் பாழ்பட்டுக் கிடந்தது என்பதை இன்று அங்கே ஒன்பது கருட ஸேவையைக் கண்டு மகிழ்கிறவர்கள் பலர் அறியார்.

1323இல் திருவரங்கம் படையெடுப்புக்கு உள்ளானபோது, மிக முதிர்ந்த பிராயத்தில் இருந்த பிள்ளைலோகாசார்யர் நம்பெருமாளை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு தெற்கு நோக்கிக் காட்டுவழியே சென்றார். தம் உயிருக்கு அஞ்சி ஓடியதன்று அது. எம்பெருமானுக்கு என்ன நேருமோ என்று பரிந்து நடந்த நடை. திருப்புளிங்குடிப் பாசுரத்தில் ஆழ்வார் பட்ட கலக்கம், அவருக்குச் செயலாகவே ஆயிற்று. மதுரைக்கு அருகே ஜ்யோதிஷ்குடியில் அவர் திருநாட்டுக்கு எழுந்தருளினார். நம்பெருமாள் திருவரங்கத்துக்கு மீண்டது 1371இல்தான். ஆழ்வாரும் திருநகரியை விட்டு மலைநாடு முதலிய இடங்களில் எழுந்தருளியிருக்க நேர்ந்தது.

அக்காலத்தில் மதுரை அரசியலில் உயர்ந்த பொறுப்பில் இருந்தவர் திருமலையாழ்வார். பிள்ளைலோகாசார்யருடைய நியமனத்தைத் தலைக்கொண்ட கூரகுலோத்தம தாஸர் முதலானோருடைய முயற்சியால் அவர் உள்ளம் திரும்பியது. பதவியை விட்டார், திருவாய்மொழியின் பொருளைக் கற்றார், காடு மண்டிக்கிடந்த திருநகரியைத் திருத்தி, ஆழ்வாரை மீண்டும் அங்கே எழுந்தருளப்பண்ணினார். திருவாய்மொழியிலேயே ஊன்றி நின்றமையால் திருவாய்மொழிப்பிள்ளை என்ற திருநாமம் பெற்றார். அவர் திருவடிகளை ஆச்ரயித்தவரே 1370இல் அவதரித்த நம் மணவாளமாமுநிகள். இன்று உலகின் எந்த மூலையில் இருந்தாலும் நாம் ஈட்டை ஒரு பக்கம் புரட்ட முடிகிறதென்றால், அதற்குப் பின்னே அந்த இருண்ட ஆண்டுகளில் காட்டை வெட்டிய கைகள் இருக்கின்றன.

படையெடுப்பு நல்லது என்று யாரும் சொல்லார். அதில் போன உயிர்கள் போனவையே. ஆயினும் அந்த இருளில் சிலர், ‘நமக்கு ஏன் இப்படி?’ என்று அமர்ந்துவிடாமல், ‘எம்பெருமானுக்கும் ஆழ்வாருக்கும் அடியார்க்கும் இப்போது என்ன செய்யவேண்டும்?’ என்று எழுந்தார்கள். வளர்ச்சி அந்த எழுச்சியில் இருந்தது.

நாம் செய்யவேண்டியவை

இதுவரை கண்டவற்றைத் தொகுத்துக்கொள்வோம். துன்பம் தரும் வளர்ச்சி மூன்று படிகளாக அமைகிறது. முதற்படியில், கள்ளனுக்கு நேர்ந்ததுபோல நம் பேரமும் கைமுதலும் நழுவி, எம்பெருமானே புகல் என்பது நெஞ்சில் இறங்குகிறது. இரண்டாம் படியில், ஆழ்வாருக்குப் போல, தன் துன்பத்தின் நடுவிலும் எம்பெருமானுக்காகப் பரிகிற நெஞ்சு பிறக்கிறது. மூன்றாம் படியில், அந்தப் பரிவு அவனுடைய உடைமையான எல்லா உயிர்கள் மேலும் பாய்கிறது. முதற்படியில் நின்றுவிடுகிறவன் தன் ஆபத்து நீங்கியவுடன் பழையபடி பேரத்துக்குத் திரும்பிவிடக்கூடும். மூன்றாம் படி வரை வந்தவனுடைய வளர்ச்சியே நிலைக்கிறது.

ஆகவே, நமக்குத் துன்பம் வரும்போது குலசேகராழ்வாருடைய வார்த்தையை நமக்கு நாமே சொல்லிக்கொள்வோம். சொல்ல வரவில்லையெனில் அழுவோம். எம்பெருமான் திருமுன்பே அழுவதில் வெட்கமில்லை. ஆழ்வார்களே கதறியிருக்கிறார்கள். பிறருக்குத் துன்பம் வரும்போதோ, அந்த வார்த்தையை மடித்து வைத்துவிட்டு, நஞ்சீயருடைய வார்த்தையை எடுத்துக்கொள்வோம். முதலில் ‘ஐயோ’ என்போம். அடுத்து, அவர்கள் வீட்டில் இன்று அடுப்பு எரிந்ததா என்று பார்ப்போம். மருத்துவமனையில் இரவு துணையிருக்க ஆள் உண்டா, குழந்தைகளைப் பள்ளிக்கு அழைத்துச்செல்ல ஆள் உண்டா என்று விசாரிப்போம். அயல்நாட்டில் தனியே வாழும் அடியார் ஒருவர் நோயுற்றால், இணையவழிக் காலக்ஷேபத்தில் அவருக்காகப் பிரார்த்திப்பதோடு, ஒரு வேளைத் தளிகையை அவர் வாசலில் கொண்டுபோய் வைப்போம். தத்துவம் அவர் கேட்கும்போது சொல்லலாம். கேட்கும் நாள் வராவிட்டாலும் குறையில்லை.

திருக்கோயிலை அலகிடுவதையே அடிமையின் முதல் அடையாளமாக ஆழ்வார் இப்பதிகத்தின் தொடக்கத்தில் எடுத்தார். வெள்ளம் வடிந்த வீட்டில் சேற்றை அள்ளிப் போடுகிற துடைப்பமும் அந்தத் துடைப்பத்துக்கு உறவுடையதே; அந்த வீட்டில் இருப்பவனும் எம்பெருமானுடைய சொத்தன்றோ?

பதிகத்தின் பத்தாம் பாசுரத்தில் ஆழ்வார் எம்பெருமானிடம் இரண்டில் ஒன்றைக் கேட்கிறார்: ‘எங்களை உன் திருவடிக்கு அழைத்துக்கொள்; அல்லது நாங்கள் காண நீ இங்கே வா.’ துன்பத்தில் இருக்கிற எவனும் கேட்பது இவ்விரண்டில் ஒன்றையே. அழைப்பது எம்பெருமானுடைய கையில் இருக்கிறது. வருவதையோ, சில வேளைகளில் அவன் தன் அடியார்களின் கால்களைக் கொண்டு செய்கிறான். நம் தெருவில் ஒரு வீடு இருண்டிருக்கும் நாளில், நம் கால்கள் அதற்கு உதவுமாகில், அதுவே நாம் பெற்ற துன்பங்களுக்கெல்லாம் பயன்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.